ஜெனரேட்டரும் ஹைட்ராலிக் ஹோசும்: கை வைக்குறதுக்கு முன்னாடி இதை படிச்சிடுங்க

மழை தொடங்கியாச்சுன்னா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தென்னை மட்டை லைன்ல விழுறதும் கரண்ட் போறதும் வழக்கம்தான். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்ச அப்புறம் நிறைய ஊர்ல நாள் கணக்குல கரண்ட் இல்லாம இருந்தோம், அதுக்கு அப்புறம்தான் பல வீட்டுல சின்ன ஜெனரேட்டர் வந்துச்சு. வாங்குனவங்க பாதி பேருக்கு அதை எங்க வைக்கணும்னு யாரும் சொல்லிக் குடுக்கல. நான் ஜெனரேட்டர் வேலையும் ஜேசிபி ஹோஸ் வேலையும் பாக்குறவன், கண்ணால பாத்ததை வச்சுதான் எழுதுறேன்.

முதல்ல இடம். மழை நனையும்னு சொல்லி சாய்ப்புக்குள்ளயோ அடுக்களை பக்கமோ கார் ஷெட்டுல ஷட்டரை பாதி இறக்கி வச்சோ ஓட்டாதீங்க. சைலன்சர் வழியா வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்துல இது இருநூறு மடங்குக்கு மேல பலமா போய் ஒட்டிக்கும். ஜன்னல் ஒண்ணு திறந்து வச்சா போதும்னு நினைக்குறது தப்பு. வீட்டை விட்டு குறைஞ்சது 20 அடி தள்ளி முற்றத்துல, நாலு பக்கமும் திறந்த ஒரு தகர ஷீட்டுக்கு அடியில, கல்லு மேல தூக்கி வச்சு, புகை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போற மாதிரி திருப்பி வைங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலையும் பாக்கணும்.

வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி, வாந்தி, மயக்கம் வருதுன்னா சாப்பாடு ஒத்துக்கலன்னு உக்காந்திருக்காதீங்க, எல்லாரையும் உடனே வெளிய கொண்டு வந்து 108 கூப்பிடுங்க. கொரோனா நேரத்துல விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் வாங்கி வச்சிருப்பீங்க, அதை மாட்டி 98 காட்டுது நல்லாத்தான் இருக்காங்கன்னு நினைச்சிடாதீங்க, இந்த வாயுவுக்கும் ஆக்சிஜனுக்கும் அந்த மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் வண்டியில ஜெனரேட்டர் செட்டு கொண்டு வர்ற தம்பிமாரு ராத்திரி அதே வண்டி கேபின்ல கண்ணாடிய ஏத்திட்டு தூங்குறாங்க, பின்னாடி இஞ்சின் ஓடிட்டே இருக்கு. கமிட்டிக்காரங்க அவங்களுக்கு தள்ளி ஒரு இடம் போட்டுக் குடுங்க, தயவு செஞ்சு.

அடுத்தது கனெக்ஷன். ரெண்டு முனையிலயும் பிளக் வச்ச வயர் ஒண்ணு செஞ்சு, ஒரு முனைய ஜெனரேட்டர்லயும் மறு முனைய சுவர் சாக்கெட்லயும் சொருகுறது நம்ம பக்கம் சாதாரணமா நடக்குது. ரொம்ப தப்பான வேலை அது. உருவும்போது பிளக்கோட பின்னுல கரண்ட் இருக்கும், பிள்ளைங்க தொட்டா போச்சு. அதை விட பெரிய விஷயம், உங்க 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியா வெளிய போய் டிரான்ஸ்பார்மர்ல தலைகீழா ஏறுனா, 11,000 வோல்ட் லைன் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாறும். லைன் ஆஃப்ல இருக்குன்னு நம்பி அங்க ஒரு வயர்மேன் போஸ்ட்ல ஏறி நிப்பாரு. மெயின் சுவிட்ச்சை ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்லுவீங்க, வீட்டுல வேற யாராவது தெரியாம தட்டி விட்டா? லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை வச்சு, லைன் கரண்ட் இல்லன்னா ஜெனரேட்டர் கரண்ட், ரெண்டுல ஒண்ணு மட்டும் வீட்டுக்கு வர்ற மாதிரி மாத்துற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்க, நியூட்ரலையும் சேத்து பிரிக்குற மாதிரி, சிங்கிள் பேஸ்னா டபுள் போல், த்ரீ பேஸ்னா ஃபோர் போல்.

பெட்ரோல் ஊத்தணும்னா ஆஃப் பண்ணி கால் மணி நேரமாவது ஆற விடுங்க. ரேடியேட்டர் மூடிய சூட்டுல திறக்காதீங்க. பெல்ட் ஓடுற பக்கம் சாரம் (லுங்கி), துப்பட்டா, தோள்ல போட்ட துண்டு எதுவும் வேண்டாம்.

இனி ஹைட்ராலிக், அதாவது ஹோஸ்ங்குற ரப்பர் குழாய் வழியா ஆயிலை பிரஷர்ல தள்ளி பாரம் தூக்குற அமைப்பு. நான் இதை எழுத உக்காந்ததே இதுக்காகத்தான், ஏன்னா ஜேசிபி, டிப்பர், மீன்பிடி போட்டுல விஞ்ச் (கயிறு இழுக்குற மிஷின்) ஓட்டுறவங்கள்ல நிறைய பேருக்கு இது தெரியல. ஹோஸுக்குள்ள ஆயில் 200 பார், 250 பார் பிரஷர்ல (பார்ங்குறது பிரஷரோட அளவு) ஓடும், லாரி டயர் காத்து 8 பார் பக்கம்தான்னா கணக்கு போட்டுக்கோங்க. ஹோஸ்ல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தா ஆயில் சொட்டாது, கண்ணுக்கு தெரியாத பொடி மாதிரி பீச்சும். எங்க லீக்குன்னு பாக்க கையால தடவுனா அது தோலை துளைச்சு உள்ள போயிடும், கிளவுஸ் போட்டிருந்தாலும் தடுக்காது.

கூட வேலை பாத்த ஒரு ஆபரேட்டர் தம்பிக்கு அப்படித்தான் ஆச்சு. "ஒண்ணும் இல்லண்ணே, முள்ளு குத்துன மாதிரிதான் இருக்கு"ன்னு சொல்லி டீசல்ல கைய கழுவிட்டு சாயங்காலம் வரை வண்டி ஓட்டுனான். ரத்தம்கூட வரல. ராத்திரி விரல் வீங்கிச்சு, மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி போட்டு படுத்துட்டான், மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு போகும்போது விரல் நிறம் மாறியாச்சு. பாதி விரலை எடுத்தாங்க. அன்னைக்கு நானும் பக்கத்துல தான் நின்னேன், எனக்கும் அப்ப தெரியாது, அதை நினைச்சா இப்பவும் மனசு கேக்க மாட்டேங்குது.

அதனால லீக் தேட ஒரு அட்டையோ பலகை துண்டோ நீளமா பிடிச்சு ஹோஸ் பக்கம் கொண்டு போங்க, ஆயில் படியுற இடம் தெரியும், கண்ணாடி போட்டுக்கோங்க. யாருக்காவது குத்திடுச்சுன்னா வலி இல்லன்னாலும் ஆபரேஷன் தேவைப்படுற அவசரம் அது. பிதுக்காதீங்க, சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம், மோதிரத்த கழட்டுங்க, சாப்பிட எதுவும் குடுக்காம ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மாதிரி சர்ஜன் இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. போனதும் "ஹை பிரஷர்ல ஆயில் உள்ள ஏறியிருக்கு"ன்னு இதே வார்த்தையில சொல்லுங்க, சின்ன புள்ளியா இருக்குறதால முள்ளு குத்துனதுன்னு யாரும் நினைச்சிடக் கூடாது. ஆயில் டின்னையோ அதோட லேபிள் போட்டோவையோ கையோட கொண்டு போங்க. மணி கணக்கு இல்ல, ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

இஞ்சின் ஆஃப் ஆனா பிரஷரும் போயிடும்னு நினைக்காதீங்க. பக்கெட்டை தரையில இறக்கி, ஆஃப் பண்ணி, லிவர் எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் நாலஞ்சு தடவை ஆட்டி பிரஷரை விட்டுட்டு அப்புறம்தான் ஸ்பானர். தூக்கி வச்ச பூம் (ஜேசிபியோட கை), டிப்பர் பாடி இதுக்கு அடியில தாங்கு கட்டை, லாக் எதுவும் இல்லாம தலைய விடாதீங்க, ஒரு ஹோஸ் வெடிச்சா மொத்த எடையும் இறங்கிடும். சின்னமுட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக்காத்துல ஹோஸ் முனையில இருக்குற இரும்பு பிட்டிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், மேல ரப்பர் நல்லா இருக்குன்னு விடாம முனைய பாத்து மாத்துங்க. கிளிப் போட்டு இறுக்கி ஓட்டவே கூடாது.

டிப்பர் ஓட்டுறவங்க ஜல்லியோ மண்ணோ தட்டுறதுக்கு முன்னாடி இறங்கி மேல லைன் போகுதான்னு பாருங்க, ரப்பர் தோட்டத்துக்குள்ள லைன் பல இடத்துல தாழ்வா தொங்குது. பாடி லைன்ல பட்டுட்டா கேபின்லயே இருங்க, யாரையும் கிட்ட வர விடாம சத்தம் போட்டு, லைன் ஆஃப் ஆகும் வரை இறங்காதீங்க. தீ பிடிச்சா மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்துல தொடாம ரெண்டு காலையும் சேத்து வெளிய சாடி, கால் பிரியாம சின்ன சின்னதா தத்தி தள்ளி வந்திடுங்க.