மஞ்சள் சேலையும் மஞ்சள் மூஞ்சியும்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். பாதி வியாபாரம் இன்ஸ்டாகிராமில்தான். மாடல் வைக்க வசதியில்லை, நானே கட்டிக்கொண்டு நிற்பேன். என் அப்பத்தாவைப் பெற்றவர் பர்மாக்காரர். ரங்கூனுக்குப் பிழைக்கப் போன குடும்பங்களில் இது அதிசயமில்லை. என்ன, யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கண்ணும் கன்னமும் அப்படியே எனக்கு வந்திருக்கின்றன.

2020ல், கொரோனாவோடு ஆரம்பித்தது. அரக்குக் கண்டாங்கிப் படத்துக்குக் கீழே ‘வைரஸ்’, ‘சைனாக்காரி’, ‘மோமோ என்ன விலை?’ என்று வரிசையாக. வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் அந்த நாளில் இதே ஏச்சுத்தான் விழுந்தது. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்தேன். புகார் கொடுக்கலாம் என்று புத்தி வந்தபோது கையில் ஒன்றுமில்லை.

அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட். வசவு, கணக்கின் பெயர், தேதி மூன்றும் தெரிய வேண்டும். பதிவின் லிங்க், அந்தக் கணக்கின் லிங்க் இரண்டையும் எடுத்து வையுங்கள். பெயரை நாளைக்கே மாற்றிவிடுவார்கள். பதில் எழுதாதீர்கள். அப்புறம் ரிப்போர்ட், கடைசியில் பிளாக். அதே ஆள் புதிதாகத் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கவா என்று கேட்கும், சரி என்று கொடுங்கள்.

சொந்தக்காரர் என்றால் பிளாக் செய்ய முடியாது, அடுத்த கல்யாண வீட்டில் பஞ்சாயத்தாகிவிடும். அவர்களுக்கு ‘ரெஸ்ட்ரிக்ட்’. அவர் எழுதியது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஊரே படித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

நான் பெரிதும் நம்புவது ‘ஹிடன் வேர்ட்ஸ்’ அமைப்பை. நீங்கள் கொடுக்கும் சொற்கள் உள்ள கமென்ட் தானாக மறைந்துவிடும். தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் நம் ஆட்கள் அடிக்கும் நாலைந்து விதத்தில் ஒருமுறை என்று கொடுக்க வேண்டும். எமோஜியையும் சேர்க்கலாம். ‘மஞ்சள் மூஞ்சி’ என்று ஒருவன் எழுதினான் என்று ‘மஞ்சள்’ என்ற சொல்லையே போட்டுவிட்டேன். பத்து நாள் மஞ்சள் சேலைக்கு ஒரு விசாரிப்பு இல்லை. மறைந்த கமென்டுகளைத் திறந்து பார்த்தால், ‘அக்கா, மஞ்சள் கண்டாங்கி இருக்கா?’ என்று பதினேழு பேர்! தனிச்சொல்லாகப் போடாமல் தொடராகப் போடுங்கள். மறைந்தவற்றை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் நீங்களே பார்க்க வேண்டாம். எனக்குத் தம்பி பார்க்கிறான்.

ஒரே நாளில் கூட்டமாக வந்து ஏசினால், புதியவர்கள் கமென்ட் போடுவதைச் சில நாள் கட்டுப்படுத்தும் வசதியும் உண்டு.

முன்பு எங்கள் வீட்டுத் திண்ணையில் படம் எடுப்பேன். தூணை வைத்தே ஒருவன் தெருவைக் கண்டுபிடித்து எழுதிவிட்டான். இப்போது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையோடு சரி. இந்தப் பக்கம் அது இல்லாத பழைய வீடு ஏது?

மிரட்டல் வந்தால் பொறுக்காதீர்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் பதியலாம். 1930 என்ற உதவித் தொலைபேசி எண் பெரும்பாலும் பண மோசடிக்கானது. இனம், பிறந்த இடம், மொழியைச் சொல்லிப் பகை மூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 196ஆம் பிரிவில் குற்றம். என்னை மோமோ என்றவன்மீது அது நிற்குமா என்பது வேறு விஷயம். ‘இவர்களை ஊரைவிட்டுத் துரத்துங்கள்’ என்று எழுதியவனைத்தான் நான் புகாரில் சேர்த்தேன், ஒன்பது ஸ்கிரீன்ஷாட்டோடு.