மூளைத் தமனிகளை எம்.ஆர். ஆஞ்சியோவில் படமெடுத்தல்: புதிய டெக்னீசியன்களுக்கான செய்முறை

எம்.ஆர். ஆஞ்சியோ (எம்.ஆர்.ஐ. கருவியால் இரத்தக் குழாய்களைப் படமெடுத்தல்) என்றதும், ஊசி வழியாக கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தித்தான் எடுக்க வேண்டும் என்று பணிக்குப் புதிதாக வருபவர்களில் பலர் எண்ணுகிறார்கள். மூளைத் தமனிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. ‘டைம் ஆஃப் ஃப்ளைட்’ என்னும் முறையில் ஓடும் இரத்தமே வெண்மையாகத் தெரிந்துவிடும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள தமனி வளையமான வில்லிஸ் வட்டத்தை 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் இம்முறையில் எடுப்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை. ஒரே பகுதியை 20 முதல் 30 மில்லி விநாடிக்கு ஒரு முறை ரேடியோ அலையால் தட்டிக்கொண்டே இருந்தால், அங்கேயே அசையாமல் இருக்கும் மூளைத் திசுவுக்குக் காந்தத்தன்மை மீள நேரம் கிடைக்காமல், அது மங்கிப்போகும். கழுத்திலிருந்து அப்போதுதான் மேலேறி வரும் இரத்தம் அந்தத் தட்டு எதையும் வாங்காதது என்பதால் பளிச்சிடும். ஆக, நாம் படமெடுப்பது இரத்தக் குழாயின் சுவரை அன்று, அதற்குள் நிகழும் ஓட்டத்தை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது.

படி 1: நோயாளியைத் தயார்செய்தல். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளாண்ட், மூளையில் முன்பு பொருத்திய அனியூரிசம் (தமனிச் சுவரின் வீக்கம்) கிளிப் ஆகியவற்றைப் பற்றித் தனித்தனியே கேளுங்கள். ‘உடம்பில் இரும்பு ஏதாவது இருக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலே வரும். கிளிப்பின் வகை உறுதியாகத் தெரியாவிட்டால் உள்ளே அனுப்பாதீர்கள்.

படி 2: தலைக்குரிய காயிலில் (சமிக்ஞையை வாங்கும் கூடு) தலையை நேராக வைத்து, இருபுறமும் பஞ்சணை கொடுத்து, காதடைப்பான் போடுங்கள். படமெடுப்பு ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஓடக்கூடும். ஒரு இருமல்கூட மெல்லிய தமனிகளைக் கலைத்துவிடும்.

படி 3: ஸ்லாப் (ஒரே தொகுப்பாகப் படமெடுக்கும் பகுதி) வைத்தல். கபாலத்தின் அடித்துளை மட்டத்திலிருந்து, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்துக்கு மேல்வரை கிடைமட்டமாக மூடுங்கள். இதை ஒரே தடித்த ஸ்லாப்பாக வைத்தால், இரத்தம் அதன் மேல்முனையை எட்டுவதற்குள் பலமுறை தட்டு வாங்கித் திசுவைப் போலவே மங்கிவிடும்; கீழே பெருந்தமனி ஒளிர, மேலே கிளைகள் பாதியில் நின்றதுபோல் காட்சியளிக்கும். அதனால்தான் மூன்று அல்லது நான்கு மெல்லிய ஸ்லாப்களாகப் பிரித்து, ஒன்றன் ஓரத்தை அடுத்ததன் மேல் கால் பங்கு அளவுக்கு ஏற்றி வைக்கிறோம். அந்த மேற்படிவைக் குறைத்து நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும். குறைத்தால், ஜன்னல் தட்டிபோலக் குறுக்குக் கோடுகள் தமனியின் மேல் விழும்.

படி 4: சேச்சுரேஷன் பேண்ட் (தன் வழியே வரும் இரத்தத்தின் ஒளியை முன்பே அடக்கிவிடும் பட்டை). இது ஸ்லாப்புக்கு மேலே இருக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் சிரை இரத்தத்தை அது முன்கூட்டியே மங்கச் செய்துவிடுவதால், தமனிகள் மட்டும் எஞ்சும். பயிற்சிக் காலத்தில் நான் ஒருமுறை இதைக் கழுத்துப் பக்கம் வைத்துவிட்டேன். படத்தில் தமனிகளைக் காணோம், சிரைகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. இரண்டு பக்கத்துக் கரோட்டிட் தமனியும் அடைத்துப்போய்விட்டதோ என்று சில நொடிகள் கை உதறியது. பேண்டை மேலே மாற்றி மீண்டும் எடுத்தபின் எல்லாம் சரியாக வந்தது.

படி 5: அளவுகள். ஃபிளிப் கோணம் (ஒவ்வொரு தட்டும் காந்தத்தன்மையைச் சாய்க்கும் அளவு) 18 முதல் 25 டிகிரி வரை போதும்; கூட்டினால் பின்னணி இன்னும் கறுக்கும், ஆனால் மெதுவாக ஓடும் இரத்தமும் சேர்ந்து கறுத்துவிடும். எக்கோ நேரம் (தட்டுக்கும் சமிக்ஞையைப் பதிவதற்கும் இடையிலான நேரம்) 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 7 மில்லி விநாடியும், 3 டெஸ்லாவில் ஏறத்தாழ 3.4 மில்லி விநாடியும் இருந்தால், நீரும் கொழுப்பும் எதிரெதிர்க் கட்டத்தில் நிற்பதால் கொழுப்பின் ஒளி சற்றுத் தணியும்.

படி 6: எம்.ஐ.பி. (மேக்ஸிமம் இன்டென்சிட்டி புரொஜெக்‌ஷன்) தயாரித்தல். ஒவ்வொரு பார்வைக் கோட்டிலும் மிக வெண்மையான புள்ளியை மட்டும் எடுத்து அடுக்கி, கருவியே முப்பரிமாணத் தோற்றம் ஒன்றை உருவாக்கித் தரும். தலைத்தோல் கொழுப்பையும் கண்குழிக் கொழுப்பையும் முதலில் வெட்டி நீக்குங்கள்; இல்லையெனில் அவையே முன்னே வந்து மறைக்கும். பிறகு வில்லிஸ் வட்டத்தைச் சுழற்றிப் பல கோணங்களில் சேமியுங்கள். பின் இணைப்புத் தமனி ஒருபக்கம் மெலிந்தோ காணாமலோ இருப்பது பலருக்கு இயல்பு. அதைப் பார்த்து ஸ்கேன் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம்.

எம்.ஐ.பி. அழகானது, ஆனால் முழுக்க நம்பத்தக்கதன்று. குறுகிய இடத்தில் இரத்தம் சுழித்தோடும்போது ஒளி இழக்கப்படுவதால், அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்; பெரிய அனியூரிசத்துக்குள் இரத்தம் தேங்கிச் சுழன்றால், அதன் ஒரு பகுதி படத்தில் வராமலே போகலாம். இதற்கு நேர்மாறாக, சில நாள் பழைய இரத்தக்கட்டியில் உள்ள மெத்ஹீமோகுளோபின் (ஹீமோகுளோபினின் மாறிய வடிவம்) ஓட்டமே இல்லாமல் வெண்மையாக ஒளிர்ந்து, தமனி போலவே நடிக்கும். ஐயம் வந்தால் சாதாரண டி1 படத்தில் அதே இடத்தைப் பாருங்கள். அங்கும் வெண்மையாக இருந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கதிரியக்க மருத்துவருக்கு அனுப்பும்போது எம்.ஐ.பி.யோடு, அது உருவாக்கப்பட்ட மூலப் படங்கள் அனைத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.