வேக்கம் ஹோஸைக் கழற்றாமல் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்

போன வாரம் ஒரு பையன் பழைய ஹோண்டா சிட்டியோடு பட்டறைக்கு வந்தான். பானெட்டைத் தூக்கினால் நீலப் பளபளப்பில் புத்தம்புது பியூல் பிரஷர் ரெகுலேட்டர், இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தை ஸ்க்ரூ திருகி வைக்கும் சாமான். ஆன்லைனில் வாங்கி வீட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறான். "அண்ணா, மூணு பார் கரெக்டா நிக்குதுங்க. ஆனா மிதிச்சா கரும்புகை வருதுங்க" என்றான். கேஜ் முள் மூன்றில்தான் நின்றது. வண்டி ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது, இஞ்சினிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் சின்ன வேக்கம் ஹோஸும் மாட்டியபடியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே தப்பைச் சொந்த வண்டியில் செய்துவிட்டு மூன்று மாதம் அலைந்தவன் நான்.

லைனைத் திறக்கும் முன் பம்ப் ரிலேயைப் பிடுங்கி பிரஷரை இறக்கு, பக்கத்தில் பீடி பற்றவைக்காதே என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் ஸ்பேனரையே தொடக்கூடாது.

ஹோஸ் மாட்டியபடியே பிரஷர் வைப்பது

ரெகுலேட்டருக்குள் இருப்பது ஒரு டயப்ரம், அதாவது வளையும் சவ்வு, அதை அழுத்தும் ஒரு ஸ்பிரிங். தலையில் உள்ள ஸ்க்ரூவைத் திருகினால் ஸ்பிரிங் இறுகும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலில் இருக்கும் பெட்ரோல் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளி வால்வைத் திறந்ததும், மிச்சம் ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே திரும்பிவிடும். இதில் மேனிஃபோல்டிலிருந்து, அதாவது இஞ்சினுக்குக் காற்று போகும் குழாயிலிருந்து வரும் அந்தச் சின்ன ஹோஸுக்கு என்ன வேலை? இன்ஜெக்டரின் மூக்கு மேனிஃபோல்டுக்குள்தான் இருக்கிறது. ஐடிலில் அங்கே வேக்கம் இழுக்கும், முழுசாக மிதித்தால் இழுப்பு போய்விடும். ரெயில் பிரஷரும் அதோடு சேர்ந்து இறங்கி ஏறினால்தான், இன்ஜெக்டர் திறக்கும் நேரத்துக்குத் தக்கபடி பெட்ரோல் அளவாக விழும்.

ஐடிலில் அந்த இழுப்பு சுமார் 0.6 பார். ஹோஸ் இருக்கும்போது முள்ளை 3-க்குக் கொண்டுவந்தால், மிதித்தவுடன் அது 3.6. இன்ஜெக்டரில் போகும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 10 சதவீதம் அதிகப் பெட்ரோல்.

இதில் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தப்பு உடனே தெரியாது. ஊருக்குள் ஓட்டும்போது, புகையைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, இஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் குறைத்துச் சமாளித்துவிடும். ஐடில் அழகாக இருக்கும். முழுசாக மிதிக்கும்போதுதான் ஈசியூ சென்சாரை விட்டுவிட்டுத் தன்னுள் பதிந்திருக்கும் அளவு டேபிளைப் பார்த்துப் பெட்ரோல் கொடுக்கும், அங்கே குட்டு வெளிப்படும். என் வண்டி கோயம்புத்தூருக்குள் பூப்போல ஓடியது. மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி ஏற்றத்தில் மூச்சு முட்டியது, பின் பம்பரில் கரி படிந்தது. பிளக் என்று நினைத்தேன், மூன்று செட் மாற்றினேன். பிறகு இன்ஜெக்டர் கிளீனிங். பிறகு கரி பிடித்த ஆக்சிஜன் சென்சார். கடைசியில் நல்ல பம்பையும் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கினேன். டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்தால் ஆயிலில் பெட்ரோல் வாடை. ஆலன் கீயால் அரைச் சுற்றில் முடியவேண்டிய வேலை.

செய்யவேண்டியது இவ்வளவுதான். இஞ்சின் சூடாகட்டும். ஹோஸை ரெகுலேட்டர் பக்கம் கழற்றி, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடையுங்கள். அடைக்காவிட்டால் காற்று உள்ளே போய் ஐடில் தடுமாறும். இப்போது உங்கள் வண்டியின் மேனுவல் சொல்லும் பிரஷரை வையுங்கள். லாக் நட்டை இறுக்கியபின் முள்ளை மறுபடி பாருங்கள், இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பியிருக்கும். பிறகு ஹோஸை மாட்டுங்கள். முள் அரை பார் போல விழவேண்டும். அசையவே இல்லையென்றால், காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள ஏதோ துளையில் ஹோஸை மாட்டியிருக்கிறீர்கள். ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயப்ரம் கிழிந்திருக்கிறது.

டர்போ வண்டியில் அதே ஹோஸைச் சும்மா செருகி விடுவது

இது இன்னும் ஆபத்து. டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் 0.8 பார் பூஸ்டில் ஹோஸ் பிய்த்துக்கொண்டால் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 3 பார் அல்ல, 2.2 தான். 14 சதவீதம் பெட்ரோல் குறையும். பிஸ்டன் உருக அது போதும். இரண்டு ரூபாய் கிளிப் போடுங்கள்.

ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் பிரஷர் இறங்கவில்லை

ரெகுலேட்டரைத் திட்டாதீர்கள். பெரிய பம்ப் தள்ளுவதைப் பழைய மெல்லிய ரிட்டர்ன் பைப் வாங்க முடியவில்லை, அல்லது பைப் எங்கோ நசுங்கியிருக்கிறது. இல்லையென்றால் பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிச் செருகியிருக்கிறீர்கள். பெரும்பாலான ரெகுலேட்டர்களில் பக்கத்துத் துளைகள் இரண்டும் ரெயிலுக்கு, அடித்துளை ரிட்டர்னுக்கு.

ஏஎன் ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப்

வேண்டாம். ஏஎன் என்பது பெட்ரோல் ஹோஸை இணைக்கும் ஒரு வகை மரை ஃபிட்டிங். அங்கே கசிவை நிறுத்துவது மரை அல்ல, நுனிக் கூம்பு. பிய்ந்த டேப் நேராக இன்ஜெக்டருக்குப் போகும்.

கிடைத்த ரப்பர் ஹோஸ்

ஹோஸின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஜே30 ஆர்9 என்று இருக்கவேண்டும். ஆர்7 கார்புரேட்டர் காலத்துச் சரக்கு. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் ஊறிக் கெட்டுப்போகும்.

ரிட்டர்ன் லைன் இல்லாத வண்டி

டேங்குக்குப் புது லைன் இழுக்கத் தயாரில்லையென்றால் இந்த ரெகுலேட்டரை வாங்காதீர்கள்.

கம்பெனி இஞ்சின், ட்யூனிங் எதுவும் இல்லை

அதில் இந்த ரெகுலேட்டர் வெறும் நகை, அழகுக்குத்தான்.

சூட்டில் கேஜை நம்புவது

கிளிசரின் நிரப்பிய கேஜ் பானெட்டுக்குள் சூடானால் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து முள் குறைத்துக் காட்டும். சிலவற்றின் தலையில் குட்டி ரப்பர் மூடி இருக்கும், அதை ஒருமுறை நெம்பிவிட்டுப் படியுங்கள். பையனின் வண்டியைச் சரிசெய்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, ஹோஸைக் கழற்றிக் காட்டினேன். முள் 2.8. "இறங்கிருச்சுங்களே அண்ணா" என்று ஆலன் கீயை எடுத்தான். அதை வாங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.