ஒரு ஓட்டில் தொங்கும் அவையில் சாவி யாரிடம்? கணக்குப் போடும் முறை

2017 செப்டம்பர் 18 முதல் அந்த ஆண்டு டிசம்பர் வரை வடசென்னையில் அடுத்தடுத்த இரண்டு தொகுதிகளுக்கு எம்.எல்.ஏ. கிடையாது. ஆர்.கே. நகர், ஜெயலலிதா மறைந்த 2016 டிசம்பரில் இருந்தே காலி. பெரம்பூரில் வெற்றிவேல், அன்று தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் ஒருவர். இரண்டு காலி இடங்களும் கோட்டையில் நடந்த ஒரு எண்ணிக்கைக் கணக்கோடு பின்னிக் கிடந்தவை. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தால் அமெரிக்க செனட் செய்தியும் புரியும், நம் சட்டமன்றச் செய்தியும் புரியும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்களுக்கும், டீக்கடையில் பேப்பர் படித்து வாதாடுகிறவர்களுக்கும் பயன்படும்.

தேவையானவை: கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில், அவையின் கட்சிவாரி பலம். பேனா வேண்டாம். எண்கள் வாரத்துக்கு வாரம் மாறும், அழித்து எழுத வேண்டியிருக்கும்.

முதலில் மொத்தத்தைச் சரியாகப் பிடியுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். தமிழ்நாடு சட்டமன்றம் என்றதும் 234, பாதிக்கு மேல் 118 என்று எழுதிவிடுகிறார்கள். 118 என்பது எல்லா இடங்களும் நிரம்பி, எல்லோரும் வந்து ஓட்டுப் போட்டால் மட்டும். அரசியலமைப்பின் 189-வது பிரிவுப்படி, வந்திருந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மைதான் கணக்கு. ஆகவே 234-ல் இருந்து காலியிடங்களைக் கழியுங்கள். சபாநாயகரையும் கழியுங்கள், ஏனென்றால் அவர் முதல் சுற்றில் ஓட்டுப் போடுவதில்லை. இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டுமே அவர் ஓட்டு வரும். பிறகு வராதவர்கள், வெளிநடப்பு செய்தவர்கள், வெளியேற்றப்பட்டவர்கள். மிஞ்சுவதில் பாதிக்கு மேல் எவ்வளவோ, அதுதான் அன்றைய இலக்கு.

செனட்டில் இடங்கள் 100, மாநிலத்துக்கு இரண்டு. துணை அதிபர்தான் அவைத் தலைவர், அவருக்கும் சமநிலையில் மட்டுமே ஓட்டு. 2021 மார்ச் 6 அன்று கொரோனா நிவாரண மசோதா 50-49 என்று நிறைவேறியது. அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஒருவர் குடும்பத்தில் நேர்ந்த துக்கத்துக்காக ஊருக்குப் போயிருந்ததால், துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டுக்கு அன்று வேலையே இல்லாமல் போனது. ஒருவர் வராததும் ஒரு ஓட்டுக்குச் சமம்தான்.

அடுத்து, எந்த இலக்கு என்று பாருங்கள். செனட்டில் சாதாரண மசோதாவின் மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். வரவு செலவு சார்ந்த மசோதாக்களுக்குத் தனி வழி ஒன்று உண்டு, அதில் பாதிக்கு மேல் போதும். இதைப் பிரிக்காமல் கணக்குப் போட்டால் தவறான ஆளைச் சாவிக்காரர் (முடிவைத் தீர்மானிக்கும் ஓட்டுக்காரர்) என்று சொல்லிவிடுவீர்கள். 60 தேவைப்படும் மசோதாவில், 50 பேர் உள்ள கட்சியின் தயங்கும் உறுப்பினர் ஒருவரைச் சமாதானப்படுத்தி என்ன பயன்? இன்னும் பத்துப் பேர் எதிர்வரிசையில் இருந்து வரவேண்டும்.

இப்போது முக்கியமான எண். ஒரு தரப்பு அதிகபட்சம் எத்தனை பேரை இழந்தால் தாங்கும் என்பதைக் கண்டுபிடியுங்கள். அதைத் 'தாங்கும் எண்' என்று நோட்டில் எழுதி வட்டம் போடுங்கள். அந்த எண்ணுக்கு அடுத்த ஆள்தான் சாவி.

2017 ஜூலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கலைக்க அந்தத் தனி வழியில் வந்த மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுக் கட்சிக்கு 52 பேர். இரண்டு பேர் போனால் 50-50, துணை அதிபர் ஓட்டில் தப்பிக்கலாம். தாங்கும் எண் 2. சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி இருவரும் எதிர்ப்பு. மூன்றாவதாக ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49-51, மசோதா விழுந்தது. செய்தியில் மெக்கெய்ன் பெயர் மட்டும் பெரிதாக வந்தது. கணக்கின்படி மூவருமே சாவிகள், யாராவது ஒருவர் மாறியிருந்தாலும் மசோதா பிழைத்திருக்கும். கடைசியில் கை காட்டியவருக்கே பலம் முழுவதும் என்று நினைப்பது வழக்கமான பிழை.

2025 ஜூலை 1 அன்று டிரம்பின் வரி, செலவு மசோதாவில் இதே கணக்கு வேறு விதமாக முடிந்தது. குடியரசுக் கட்சிக்கு 53 பேர், தாங்கும் எண் 3. காலின்ஸ், ராண்ட் பால், தாம் டில்லிஸ் மூவரும் எதிர்த்தார்கள். நான்காவது யார் என்பதே கேள்வி. முர்கோவ்ஸ்கி தன் மாநிலமான அலாஸ்காவுக்குச் சில சலுகைகளைப் பேசி வாங்கிக்கொண்டு ஆதரித்தார். துணை அதிபர் வான்ஸின் ஓட்டோடு 51-50. தாங்கும் எண் தீர்ந்த பிறகு எஞ்சும் ஒவ்வொருவரின் விலையும் ஏறும் என்பதை இதில் பார்க்கலாம்.

தனி ஆட்களுக்குப் பதில் கட்சிகள் இருந்தால் 'உருவிப் பார்க்கும்' சோதனை செய்யுங்கள். கூட்டணியில் இருந்து ஒவ்வொரு கட்சியாக உருவி, மீதி நிற்கிறதா என்று பார்ப்பதுதான். 2006 தேர்தலில் தி.மு.க. 96, காங்கிரஸ் 34, பா.ம.க. 18, மார்க்சிஸ்ட் 9, இந்தியக் கம்யூனிஸ்ட் 6. மொத்தம் 163. தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை, 'மைனாரிட்டி அரசு' என்று எதிர்க்கட்சி ஐந்து ஆண்டும் சொன்னது. காங்கிரஸை உருவுங்கள்: 129. இன்னும் 118-க்கு மேல்தான். பா.ம.க.வை மட்டும் உருவினால் 145. இடதுசாரிகளை மட்டும் உருவினால் 148. ஆரம்பத்தில் எந்தத் தோழமைக் கட்சியிடமும் தனியாகச் சாவி இல்லை! பிறகு இடதுசாரிகளும் பா.ம.க.வும் விலகிப் போனார்கள். அதன்பின் காங்கிரஸை உருவினால் அரசு நிற்காது. காங்கிரஸின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, மற்றவர்கள் போனதால் அதன் கனம் கூடியது. ஆகவே ஒரு கட்சியின் பலத்தை அதன் எண்ணிக்கையை வைத்து எடை போடாதீர்கள். மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதுவரை எண். எண் மட்டும் போதாது. கேரமில் ரெட்டைப் போட்டால் மட்டும் ஆகாது, ஃபாலோ போட வேண்டும். ஒருவர் போனால் பெரும்பான்மை கவிழும் என்பது ரெட். அவரால் போக முடியுமா என்பது ஃபாலோ.

ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்சினால் போக முடிந்தது. 2021-22ல் செனட் 50-50, தாங்கும் எண் பூஜ்யம். ஜனநாயகக் கட்சித் தரப்பின் 50 பேரில் யார் வேண்டுமானாலும் காகிதத்தில் சாவிதான். ஆனால் மான்சினின் மேற்கு வர்ஜீனியாவில் 2020-ல் டிரம்ப் வாங்கியது 68 சதவீதத்துக்கும் மேல். அங்கே பைடனை எதிர்ப்பது தேர்தலில் லாபம். 2021 டிசம்பர் 19 அன்று பைடனின் பெரிய சமூகநல மசோதாவை ஆதரிக்க மாட்டேன் என்றார், மசோதா படுத்தது. அதிலிருந்து சுருங்கி வந்ததுதான் 2022 ஆகஸ்ட் 7 அன்று 51-50ல் நிறைவேறிய சட்டம். இன்னொருவர் அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா. அவர் பிடித்த இடம் வரி. முதலீட்டு நிதி மேலாளர்களின் வரிச்சலுகையைக் குறைக்கும் பகுதியை எடுத்தால்தான் வருவேன் என்றார், எடுத்தார்கள். ஒரே அவை, ஒரே கட்சி, ஆனால் செலவுக்கு ஒரு சாவி, வரிக்கு இன்னொரு சாவி. அதனால் நோட்டில் மசோதாவுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். ஒரே பட்டியலை எல்லாவற்றுக்கும் ஒட்டாதீர்கள்.

செனட்டர் கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டால் பதவி போகாது. நம் ஊரில் போகும். 1985-ல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ தகுதிநீக்கம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். முன்பு மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் பாதுகாப்பு இருந்தது, 2003 திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேரோடு வேறு கட்சியில் இணைவதற்கு மட்டுமே வழி. அதனால் நம் அவையில் தனி எம்.எல்.ஏ.வின் பெயருக்கு நேரே சாவி என்று எழுதும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: கொறடா உத்தரவு இருக்கிறதா, எத்தனை பேர் சேர்ந்து நகர்கிறார்கள், சபாநாயகர் யார். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தகுதிநீக்க மனுவை விசாரிப்பவர் அவர்தான்.

இதையெல்லாம் 2017-க்குப் பொருத்திப் பாருங்கள். 234-ல் ஆர்.கே. நகர் காலி, 233. இரட்டை இலையில் ஜெயித்தவர்கள் 135, சபாநாயகரைக் கழித்தால் 134. எதிரே தி.மு.க. 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1, ஆக 98. பிப்ரவரி 18 வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமிக்கு 122, எதிர்ப்பு 11. தி.மு.க. வெளியேற்றப்பட்டது, காங்கிரஸ் வெளிநடப்பு. அந்த 98 பேரும் உள்ளே இருந்து எதிர்த்திருந்தாலும் 122-109. ஏழு பேர் பக்கம் மாறினால்தான் 115-116 என்று கவிழ்ந்திருக்கும். எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 11 பேர், அதாவது பன்னீர்செல்வத்தின் அணி, அன்று பெரிதாகப் பேசப்பட்டது, சாவி அவர்களிடம் இல்லை.

ஆகஸ்டில் அந்த அணி திரும்பி வந்தது, தினகரன் பக்கம் 18 பேர் நின்றார்கள். 134-ல் 18 போனால் 116. எதிரே 98-ம் 18-ம் 116. கச்சிதமாகச் சமம்! இது காகிதக் கணக்குத்தான், வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் 18 பேரையும் தகுதிநீக்கம் செய்தார். அவை 215 ஆகச் சுருங்கியது. சபாநாயகர் போக 214, அதில் 116-க்கு 98. ஆளுங்கட்சிக்கு ஒரு ஓட்டும் கூடவில்லை, மொத்தம் குறைந்ததால் பெரும்பான்மை வந்தது. முதல் படியில் மொத்தத்தைப் பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

2018 ஜூனில் உயர்நீதிமன்ற அமர்வில் இரு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு சொல்ல, மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். பெரம்பூருக்கு இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18. வியாசர்பாடியும் கொடுங்கையூரும் அடங்கிய தொகுதி, பத்தொன்பது மாதத்துக்கும் மேல் அவையில் குரல் இல்லாமல் கிடந்தது. குப்பைமேட்டுப் புகைக்கும் மழைநீர் தேங்கும் சுரங்கப்பாதைக்கும் சட்டமன்றத்தில் எழுந்து கேள்வி கேட்க ஆள் இல்லை. சாவி ஓட்டின் கணக்கைப் போடும்போது இந்தக் கேள்வியையும் நோட்டில் எழுதுங்கள்: அவர் பதவி போனால் யார் இழப்பார்கள்? அலாஸ்காவுக்குச் சலுகை வந்தது, ஏனென்றால் முர்கோவ்ஸ்கி எப்படி வாக்களித்தாலும் பதவியில் இருப்பார். பெரம்பூருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

உங்கள் தொகுதிக் கோரிக்கையை எப்போது கொண்டுபோவது என்பதும் இதில் இருந்தே வரும். வாக்கெடுப்பு நாளில் எம்.எல்.ஏ.வை நெருக்கிப் பயனில்லை, கொறடா உத்தரவு அவர் கையைக் கட்டியிருக்கும். மானியக் கோரிக்கை விவாதத்துக்குச் சில வாரம் முன்பே, தெருப்பெயர், வார்டு எண், எத்தனை வீடுகள் என்று எழுதிக் கொடுங்கள். அவையில் பேச அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தோழமைக் கட்சி எம்.எல்.ஏ. என்றால் அவர் கட்சித் தலைமைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். உருவிப் பார்க்கும் சோதனையில் அந்தக் கட்சியிடம் சாவி இருப்பதாக வந்தால், அந்த நகலை முதலில் அனுப்புங்கள்.