‘பியர்தானே’ என்று தொடங்கும் பிழைகள்

நத்தாருக்கும் வருடப் பிறப்புக்கும் இடையில் வன்னியில் எந்த முற்றத்தில் போய் இருந்தாலும் இந்தக் கதை காதில் விழும்: “நான் சாராயம் தொடேல்லை மச்சான், பியர்தான்.” சொல்லுகிறவர் கையில் இருப்பது ஸ்ரோங் பியர். போத்தலைத் திருப்பிப் பார்த்தால் 8.8 வீதம் என்று போட்டிருக்கும். 625 மில்லி லீற்றர் போத்தல் ஒன்றில் 55 மில்லி லீற்றர் சுத்த மதுசாரம். கால் போத்தல் சாராயத்தை 180 மில்லி லீற்றர், 33 வீதம் என்று வைத்துக்கொண்டால் அதிலும் ஏறக்குறைய 60தான். இரண்டு போத்தல் ஸ்ரோங் பியர் முடித்தவர் அரைப் போத்தல் சாராயத்துக்குக் கிட்ட வந்துவிட்டார். அவருக்கு மட்டும் அது தெரியாது.

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மாமா திறக்கிற விஸ்கியிலும் இதே பிழைதான். அது 40 வீதம். சாராயத்துக்குப் பழகின கை அதே அளவில் ஊற்றிக்கொண்டே போகும். விரலை வைத்து அளக்கிறதை விட்டுவிட்டு, மருந்துப் போத்தல் மூடியால் என்றாலும் ஒருக்கால் அளந்து பாருங்கள்.

அடுத்தது, “விடிஞ்சால் தெளிஞ்சிடும்” என்ற நம்பிக்கை. ஈரல் மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் மதுசாரத்தைக் கழிக்கும். அந்தப் பெரிய பியர்ப் போத்தல் ஒன்றிலேயே 43 கிராம் இருக்கிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு போத்தல் குடித்தவருக்கு விடிய ஆறு மணிக்கும் இறங்கியிராது. ஆனால் முதலாம் திகதி அந்த நேரத்தில்தான் பெண்சாதி பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கோ மடு மாதா கோயிலுக்கோ வெளிக்கிடுகிறோம். கறுப்புக் கோப்பி, தேசிக்காய்த் தண்ணி, தலையில் வாளியால் வார்க்கிறது எல்லாம் நித்திரையைக் கலைக்கும். இரத்தத்தில் இருக்கிறதைக் குறைக்காது.

எங்கள் வீதிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? மார்கழி மழைக்குக் காணியெல்லாம் ஈரம் என்று மாடுகள் தாரில் வந்து படுத்திருக்கும். பின் லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி ஒன்று முன்னால் போகும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை வேறு. வெறி இல்லாதவனே திடுக்கிட்டு பிரேக் பிடிக்கிற இடங்கள் இவை.

குளங்களும் இந்த நாட்களில்தான் வான் பாயும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று கோழியும் போத்தலுமாய்ப் போகிற கூட்டங்கள் கன. பாசி பிடித்த அணைக்கட்டில் கால் வழுக்கும், இழுவை எவ்வளவு என்பது மேலே நின்று பார்க்கத் தெரியாது. குடித்தால் குளிரும் உறைக்காது, உடம்புச் சூடோ வெளியேறிக்கொண்டே இருக்கும். முதலில் குளித்துவிட்டு, உடுப்பு மாற்றி, வீட்டுக்கு வந்து குடியுங்கள்.

பௌர்ணமிப் போயா தினத்தில் கடை பூட்டு என்று, கள்ளமாய்க் காய்ச்சுகிற கசிப்பைத் தேடிப் போவது எல்லாவற்றிலும் மோசம். அது எத்தனை வீதம் என்று காய்ச்சுகிறவருக்கே தெரியாது. தொழிற்சாலை ஸ்பிரிட் கலந்திருந்தால் மெதனோல் என்ற நஞ்சும் சேரலாம். அன்றிரவு ஒன்றும் தெரியாமல் அடுத்த நாள் பார்வை மங்கினால் பொறுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

சுகர் வருத்தக்காரரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். நாங்கள் செய்த பிழை அது. ஒரு வருடப் பிறப்பு இரவு சித்தப்பா கதிரையில் வியர்த்து, நாக்குக் குழறச் சரிந்துகொண்டிருந்தார். “வெறி ஏறிட்டுது, படுக்க விடுங்கோ” என்று பாயை விரித்துவிட்டோம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருந்தபடியால் தப்பினார். அவர் சுகர் பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தபோது 48, ஆபத்தான அளவுக்குக் குறைவு. விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் சீனித் தண்ணி பருக்கினார், பிறகு அம்புலன்ஸ். மதுசாரத்தைக் கழிக்கிற நேரத்தில் ஈரல் இரத்தத்துக்குச் சீனி விடுகிறது குறையும். இன்சுலினோ சில சுகர் குளிசைகளோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் குடித்தால் இரத்தத்தில் சீனி இப்படித்தான் இறங்கும். பார்க்க அச்சொட்டாக வெறி மாதிரியே இருக்கும். தலையிடிக்கு முன்கூட்டியே இரண்டு பனடோல் போட்டுப் படுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஈரலுக்கு அது இரட்டை வேலை.

நினைவு தப்பியவரை மல்லாக்காகக் கிடத்தாதீர்கள், சத்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தட்டி எழுப்பியும் முழிக்காவிட்டால், மூச்சு விட்டுவிட்டு வந்தால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. உள் ஊர்களுக்கு வந்துசேர நேரம் எடுக்கும் என்பதால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

காலபோக நெல்லுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி மாலுக்குள் வைத்திருந்தால் அதையும் இந்த நாட்களில் பூட்டி வையுங்கள். இருட்டில் கலக்கத் தேடுகிற கைக்குப் போத்தல் போத்தல்தான். பெடியளுக்கு “ஒரு வாய்” பழக்குவதும் வேண்டாம். சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது.

எங்கள் அக்கா ஒன்று செய்வா. முதல் பிளேற்றில் இறைச்சிப் பொரியல் வைக்கும்போதே எல்லாரிடமும் மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கி அரிசி வாளிக்குள் போட்டுவிடுவா. விறாந்தையில் பாய் ரெடி. போன வருடம் ஐந்து சாவி. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, பத்து மணி தாண்டிய பிறகுதான் அரிசியைக் கிளறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தா.