டிமைஸ் ஆன துரை சாகவில்லை: பழைய இங்கிலீஷ் சொற்களுக்குப் பொருள் கண்டுபிடிப்பது எப்படி?

பெரியப்பா சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றின் பழைய குத்தகைப் பத்திரம், ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸ், முழுக்க இங்கிலீஷ். "நீதான் எம்.ஏ. இங்கிலீஷ் ஆச்சே, படிச்சுச் சொல்லு" என்றார். இரண்டாவது வரியிலேயே டிமைஸ் என்று இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. "துரை செத்துப்போயிட்டாரு பெரியப்பா, அதுக்கப்புறம் எழுதின பத்திரம் இது" என்றேன், அவரும் உச்சுக்கொட்டினார். மூன்றாம் பக்கத்தைத் திருப்பினால், செத்த துரை ஆறு வருஷம் கழித்துக் குத்தகைப் பணம் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்!

பத்திர இங்கிலீஷில் டிமைஸ் என்றால் குத்தகைக்கு விடுவது, உரிமையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுவது. ராஜா இறந்தால் கிரீடம் வாரிசுக்குப் போகும், அந்தக் கைமாற்றத்துக்கும் இதே சொல்தான், அப்படியே சாவு என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டது. நமக்குச் செய்தித்தாளில் கிடைத்தது அந்த ஒட்டிக்கொண்ட பொருள் மட்டும்.

அன்றைக்கு எனக்கு உறைத்தது இதுதான். மெஸ்ஸுவேஜ் என்று ஒரு சொல்லைப் பார்த்தால் யாரும் ஏமாற மாட்டார்கள், பேசாமல் அகராதியைத் திறப்பார்கள் (வீடும் அதைச் சேர்ந்த கட்டிடங்களும் கொல்லையும் என்று பொருள், அவ்வளவுதான்). தெரிந்த முகம் காட்டிக்கொண்டு வருகிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். அதனால் கீழே சொல்கிற படிகளில் பாதி அந்த மாதிரிச் சொற்களைப் பிடிப்பதற்கே.

படி 1: சொல்லை அல்ல, வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்

ஒற்றைச் சொல்லை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு அகராதிக்குப் போகாதீர்கள். வாக்கியம் முழுவதையும், முன்னும் பின்னும் ஒரு வரி சேர்த்து, நோட்டில் எழுதுங்கள். கையால் எழுதும்போதே கண்ணுக்கு ஒரு பழக்கம் வரும். 1800-க்கு முந்திய அச்சில் எஸ் என்ற எழுத்து பல இடங்களில் எஃப் மாதிரி நீளமாக இருக்கும், கையெழுத்தில் இந்தப் பழக்கம் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓடியது, முக்கியமாக இரண்டு எஸ் சேர்ந்து வரும் இடத்தில். மிஸ் என்பது மிஃப்ஸ் என்று கண்ணில் படும், பதற வேண்டாம். சுருக்கெழுத்துகளும் உண்டு. தேதிக்குப் பக்கத்தில் இன்ஸ்ட் என்றால் இந்த மாதம், அல்ட் என்றால் போன மாதம், பிராக்ஸ் என்றால் வரும் மாதம். விஸ் என்றால் 'அதாவது'.

படி 2: எந்த வருஷம், என்ன காகிதம்

சேலம் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. ஆகவே இந்தப் பக்கத்து அரசாங்க இங்கிலீஷ் காகிதங்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான். காப்பித் தோட்டக் காகிதம் இன்னும் பிந்தியது, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். வருஷத்தை நோட்டின் மூலையில் எழுதி, பக்கத்திலேயே பத்திரமா, கடிதமா, கல்லறைக் கல்லா என்றும் குறித்துவிடுங்கள். ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு வேஷம் போடும். ரெலிக்ட் என்று கல்லறையில் இருந்தால் விதவை, இன்னாரின் மனைவி, கணவருக்குப் பின் இறந்தவர். அதையே தாவரவியல் புத்தகத்தில் பார்த்தால் அழியாமல் மிஞ்சி நிற்கும் பழைய செடி வகை.

படி 3: தெரிந்த சொல் மேலே சந்தேகப்படுங்கள்

இங்கேதான் நிதானமாகப் போக வேண்டும். பத்திரத்தைத் திறந்தால் 'நோ ஆல் மென் பை தீஸ் பிரசன்ட்ஸ்' என்று ஆரம்பிக்கும், யாரும் யாருக்கும் பரிசு கொடுக்கவில்லை, பிரசன்ட்ஸ் என்றால் 'இந்தப் பத்திரம்', கையில் இருக்கும் இதே காகிதம். கன்சிடரேஷன் என்றால் பரிசீலனை கிடையாது, கைமாறிய தொகை, நம் பத்திர எழுத்தர்கள் பிரதிபலன் என்று எழுதுவார்களே அது. கன்வேயன்ஸ் வண்டி இல்லை, கிரயம். இன்ஸ்ட்ருமென்ட் என்பது கருவி இல்லை, ஆவணம். குத்தகை இத்தனை வருஷத்தில் டிட்டர்மின் ஆகும் என்றிருந்தால் யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை, அன்றோடு குத்தகை முடிகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிரிமிசஸ். முதலில் அதற்கு 'மேலே சொல்லப்பட்டவை' என்றுதான் பொருள். பத்திரத்தில் வீடு, கொல்லை, கிணறு எல்லாவற்றையும் ஒருமுறை விவரித்துவிட்டு, திரும்பத் திரும்ப எழுதச் சோம்பல்பட்டு, மேற்படி என்று நாம் போடுகிற மாதிரி பிரிமிசஸ் என்று போட்டார்கள். மேற்படி, மேற்படி என்று படித்துப் படித்து, கடைசியில் அதுவே கட்டிடத்துக்குப் பெயராகிவிட்டது.

பத்திரத்துக்கு வெளியிலும் இந்தக் கதைதான். நைஸ் என்றால் ஒரு காலத்தில் முட்டாள். சில்லி என்றால் பாக்கியவான், நல்லவன். மீட் என்றால் எந்த உணவும், கறி மட்டும் இல்லை. கேர்ல் என்பது ஆண் பெண் இரண்டு பிள்ளைகளுக்கும் பொது. இதைக் கேட்டு இங்கிலீஷ்காரர்களைச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை, நாற்றம் என்ற சொல்லை நாம் என்ன பாடு படுத்தி வைத்திருக்கிறோம் என்று யோசியுங்கள், பழைய தமிழில் பூவுக்கு இருந்த மணம் அது.

எப்படிப் பிடிப்பது? தெரிந்த பொருளைப் போட்டு வாக்கியத்தைப் படியுங்கள். லேசாக இடறினாலும், கொஞ்சம் கோணலாக இருந்தாலும், 'பழைய இங்கிலீஷ், அப்படித்தான் இருக்கும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் அடியில் கோடு போடுங்கள். நான் துரையைக் கொன்றது அந்தச் சமாதானத்தால்தான்.

படி 4: வாய்விட்டுப் படியுங்கள், நம் சொல்லாக இருக்கலாம்

பெரியப்பா பத்திரத்தில் எல்லைக்கு 'மேங்கோ டோப்' என்று இருந்தது. இங்கிலீஷ் அகராதியில் டோப் என்று தேடினால் மூக்குமுட்டக் குடிப்பது என்று வரும், ஒரு வகைச் சுறா மீன் என்றும் வரும். மாம்பழம் ஏன் குடிக்கிறது? பக்கத்தில் இருந்த பெரியம்மா, எட்டாவது வரை படித்தவர், காதில் விழுந்ததும் "மாந்தோப்புடா" என்றார். முடிந்தது.

இப்படி நிறைய உண்டு. ஷாண்டி என்றால் லண்டனில் பீரும் எலுமிச்சைப் பானமும் கலந்த சரக்கு, மதராஸ் இங்கிலீஷில் சந்தை. பெயரிலேயே கிழமையை வைத்திருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நஞ்சா, புஞ்சா, கிஸ்ட், கச்சேரி, மேஸ்திரி, எல்லாம் வாயில் வந்ததும் தெரிந்துவிடும். பேண்டி என்றால் வண்டி. காஞ்சி ஹவுஸ் என்று பட்டாளக் காகிதத்தில் இருந்தால் கஞ்சித் தொட்டி என்று நினைக்காதீர்கள், சிப்பாய்களை அடைத்துவைக்கும் அறை, உள்ளே கஞ்சிதான் சாப்பாடு. டேங்க் என்றால் மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் இல்லை, ஏரி. ரைட்டர் என்பவர் கதை எழுதுகிறவர் இல்லை, கணக்கெழுதும் குமாஸ்தா, நம் போலீஸ் ஸ்டேஷனில் இன்றைக்கும் ஒரு ரைட்டர் உட்கார்ந்திருக்கிறாரே.

பகோடா தனி ரகம். ஏற்காட்டில் பகோடா பாயிண்ட் இருக்கிறது, அங்கே அந்தச் சொல் கோயில் கோபுரத்தைச் சுட்டும். 1818-க்கு முந்திய மதராஸ் கணக்கில் இருநூறு பகோடா என்று இருந்தால் அது காசு, நம் வராகன். ஒரு ஸ்டார் பகோடா மூன்றரை ரூபாய் என்று கணக்கு வைத்திருந்தார்கள். சூடான வெங்காயப் பகோடா இந்த விவகாரத்தில் எங்கேயும் வராது, மன்னிக்கவும்.

இந்த வகைக்கென்றே 1886-ல் வந்த அகராதி ஹாப்சன்-ஜாப்சன். யூல் என்பவரும், மதராஸில் வேலை பார்த்த பர்னெல் என்பவரும் சேர்ந்து செய்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் இலவசமாகத் தேடலாம்.

ஒரு எச்சரிக்கை. பெயர் வைத்தவனே தப்பாக வைத்திருக்கலாம். சேலத்துப் பழைய காகிதங்களில் சாக் ஹில்ஸ் என்று வரும், அங்கே சாக்பீஸ் சுண்ணாம்பு எதுவும் கிடையாது, இருப்பது மேக்னசைட், நாம் வெள்ளைக்கல் என்கிறோம். வெள்ளையாக இருந்ததால் சாக் என்று எழுதிவிட்டார்கள்.

படி 5: இ, அ, எ வாய்பாடு

ஹிதர், திதர், விதர், ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ். இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம், தமிழ் தெரிந்தவர்களுக்கோ இது ஐந்து நிமிஷ வேலை. நம்மிடம் இங்கே, அங்கே, எங்கே இருக்கிறதா? இ, அ, எ. இங்கிலீஷில் அந்த வேலையை ஹ, த, வ என்ற தொடக்க ஒலிகள் செய்கின்றன. ஹியர் இங்கே, தேர் அங்கே, வேர் எங்கே. 'இதர்' என்று முடிந்தால் போகும் திசை: ஹிதர் இங்கு நோக்கி, திதர் அங்கு நோக்கி, விதர் எங்கு நோக்கி. 'என்ஸ்' என்று முடிந்தால் கிளம்பும் இடம்: ஹென்ஸ் இங்கிருந்து, தென்ஸ் அங்கிருந்து, வென்ஸ் எங்கிருந்து. ஹியர்இன், தேர்இன், வேர்இன்? இதில், அதில், எதில். வேற்றுமை உருபை ஒட்டுகிற மாதிரி பின்னால் ஒட்டுகிறார்கள். எல்லை விவரத்தில் 'தென்ஸ்' வந்தால், பிடித்த மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நடக்கச் சொல்கிறார்கள். எத்தனை செயின் என்று போட்டிருக்கும், ஒரு செயின் 66 அடி, பத்துச் செயின் ஒரு பர்லாங்கு, எட்டுப் பர்லாங்கு ஒரு மைல்.

தவ் என்றால் நீ, யூ என்றால் நீங்கள். நீ என்பதைத் தொலைத்துவிட்டு எல்லோரையும் நீங்கள் என்று கூப்பிடும் மொழியாகிவிட்டது இங்கிலீஷ்.

படி 6: அகராதி, இப்போதுதான்

பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஒவ்வொரு பொருளும் எந்த வருஷம் எழுத்தில் தென்பட்டது என்று மேற்கோளோடு காட்டும். முதல் பகுதி 1884-ல் வந்து, முழுசாக முடிய 1928 ஆயிற்று. இணையத்தில் காசு கட்ட வேண்டும். கட்டாமல் பார்க்க, ஜான்சனின் 1755 அகராதியும் வெப்ஸ்டரின் 1828 அகராதியும் போதும், இரண்டும் இணையத்தில் இருக்கின்றன. உங்கள் காகிதத்தின் வருஷத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அகராதியை எடுங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் ஆப்ஸ் என்ற குறி இருந்தால் வழக்கொழிந்தது, ஆர்ச் என்றிருந்தால் பழைய வாசனைக்காக மட்டும் யாராவது எழுதுவது. முதலில் கொடுத்திருக்கும் பொருளோடு நின்றுவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

படி 7: தமிழில் எழுதி வாக்கியத்தில் பொருத்துங்கள்

கிடைத்த பொருளைத் தமிழில், பெரியப்பாவுக்குப் புரிகிற தமிழில், வாக்கியமாக எழுதுங்கள். எங்கள் பத்திரத்தின் அந்த வரி கடைசியில் இப்படி வந்தது: 'மேற்படி பங்களாவையும் அதைச் சேர்ந்த சகலத்தையும், வடக்கே ஓடை, அங்கிருந்து கிழக்கே மூன்று செயின் மாந்தோப்பு வரை, குத்தகைக்கு விட்டிருக்கிறேன்.' பெரியப்பா இரண்டு தரம் படித்துவிட்டு, "அப்போ அந்த ஆளு சாகலையா?" என்று கேட்டார்.

பழகிப் பார்க்க ஆசை இருந்தால் பீரோவில் இருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்து முன் அட்டையைத் திறங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சடித்திருக்கும், அதில் 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' என்று வரும். லெட் என்பதற்கு 'விடு' என்று எழுதினீர்கள் என்றால் படி 3-க்குத் திரும்பிப் போங்கள், பாஸ்போர்ட்டில் அதன் பொருள் தடை.