கடலோர ஈரத்தில் அவலரக்கு பாலிஷை எப்படி வைத்துக்கொள்வது

கீழக்கரைப் பக்கம் பழைய வீடுகளின் தேக்குக் கதவு, ஊஞ்சல், அலமாரிகளுக்கு பாலிஷ் போடுகிறேன். இங்கே பாலிஷைக் கெடுப்பது ஈரம்தான். அவலரக்கு என்பது அவல் மாதிரித் தட்டையான செதில்களாக வரும் அரக்கு; அதை ஸ்பிரிட்டில் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) கரைத்தால் பாலிஷ். அந்த ஸ்பிரிட் காற்றிலுள்ள தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி தளர்ந்து கிடந்த பாட்டிலை எடுத்துப் பூசினால் பலகை வெள்ளை பூத்துவிடும்.

அதனால் அரக்கை அவலாகவே வைத்திருங்கள். காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம், சித்திரைச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியானது கரைந்தால் சரி. ரொம்பப் பழையது கரையாது, ஸ்பிரிட்டில் ஊறிக் கூழாக நிற்கும். ஒரு சிட்டிகை போட்டு ராத்திரி விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 250 கிராம் போடலாம். ஆனால் அந்த வேலைக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் கலக்குங்கள். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாட்டில் போதும். இரும்பு டப்பா கூடவே கூடாது, அரக்கு கறுத்துப்போகும். கலந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். கரைத்த நாளிலிருந்தே அரக்கிலுள்ள அமிலம் ஸ்பிரிட்டோடு மெல்லச் சேர்ந்து மாறிக்கொண்டிருக்கும். நாளானால் பூசினது இறுகவே இறுகாது.

6 மாதம் தாண்டிய எதையும் சோதிக்காமல் பூசாதீர்கள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு தடவி, மறுநாள் காலையில் நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுப்போ நகத்தடமோ இருந்தால் அது போனதுதான். புதுசோடு கலந்து தீர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், புதுசும் சேர்ந்து கெடும். கெட்டியாக இருப்பது வேறு விஷயம். ஸ்பிரிட் ஆவியாகித் தடித்தது சோதனையில் தேறினால், கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

கிண்ணத்தில் மிஞ்சியதைப் பெரிய பாட்டிலில் திருப்பி ஊற்றாதீர்கள். மல் துணியில் வடிகட்டி, கழுத்துவரை நிரம்பும் சின்னப் பாட்டிலில் வையுங்கள். உள்ளே காற்று குறையும். அடியில் தங்கும் மண்டி அரக்கின் மெழுகு, கெட்டது இல்லை. பளபளப்பு அதிகம் வேண்டுமென்றால் மேல்தெளிவை மட்டும் எடுங்கள். பாலிஷ் போடும் பஞ்சுப் பொட்டலத்தைச் சில சொட்டு ஸ்பிரிட்டோடு மூடிபோட்ட பாட்டிலில் போட்டு வைத்தால் அடுத்த வேலைக்கு ஆகும். இறுகிய பிரஷ்ஷும் ஸ்பிரிட்டில் ஊறினால் இளகும்.

அப்புறம், மரத்தின் மேல் ஏற்கெனவே இருக்கும் அரக்கையும் சுரண்டி எறிய வேண்டியதில்லை. மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள், ஒட்டினால் அரக்கு. உப்புப் படிவை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வெயில் ஏறிய பிறகு புது பாலிஷைப் பூசுங்கள். பழையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும்.

இந்த ஸ்பிரிட் விஷம், குடித்தால் கண்ணும் உயிரும் போகும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், அடுப்படிப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள்.